பெயரிடுதல் வேறு, மொழிபெயர்த்தல் வேறு

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் நாள்தோறும் செய்கின்ற வேலைகளுள் பெரியதொன்று பெயரிடுதல். எண் ஒன்றைக் கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்தால், அவ்விடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். கூட்டல், தேடல், வரிசைப்படுத்தல் முதலாய வேலைகளைப் பகுதி பகுதியாக வகுத்தால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் வேண்டும். சிறிய செய்நிரலொன்றில் இத்தகைய பெயர்கள் பத்திருபது வரும். பெரியதொன்றில் பல்லாயிரம் வரும். இப்பெயர்களின் பொருளைக் கணினி கருதுவதில்லை. 'அ' என்று இட்டாலும் 'ஆண்டுவருமானம்' என்று இட்டாலும் அதற்கு ஒன்றே. கருதுவோர் மனிதர். எழுதியவர் நாளை திரும்பிப் படிக்கும்பொழுதும், அவர் விட்டுச் சென்றதைப் பிறரொருவர் திருத்தும்பொழுதும் வழிகாட்டுவன இப்பெயர்களே. ஆகவே பெயரிடுதல் பொறியியற் காரியம் மாத்திரம் அன்று. மொழிக் காரியமும் ஆகும். மொழி கற்பிப்போருக்கும் இதிலே வாய் திறக்க உரிமை உண்டு என்று துணிந்து இதனை எழுதுகின்றேன்.

"ஆங்கிலச் சொற்கள் குறுகியவை, வேறு மொழியிற் பெயரிட்டால் நீண்டுவிடும், ஆதலின் செய்நிரலுக்கு ஆங்கிலமே தக்கது" என்பது பரவலாக வழங்கும் ஒரு கருத்து. எம் மாணாக்கரும் இதனை அப்படியே ஒப்புவிக்கின்றனர். இது மெய்தானா என்று உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற கல் பிரெஞ்சு மொழி. அஃது ஆங்கிலத்துக்கு அயல்வீடு. ஆயிரக்கணக்கான சொற்களை ஆங்கிலத்துக்குக் கடன் கொடுத்த வீடு. அன்றியும், கணினிக் கலைச்சொற்களை ஆக்குவதிலே அறுபதாண்டுக்கு மேற்பட்ட பயிற்சி உடையது. பாரிஸ் நகரிலே இத்தொழில் புரியும் என் பழைய மாணாக்கர் ஒருவரோடு பலமுறை உரையாடியும், கிடைத்த நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றைக் கொண்டு இக்கருத்தைச் சிறிது ஆராய்வாம்.

இலத்தீன் ஆசிரியர் இட்ட பெயர்

கணினிக்குப் பிரெஞ்சிலே பெயரிட்டவர் பொறியியலாளர் அல்லர்; சோர்போன் பல்கலைக்கழகத்து இலத்தீன் பேராசிரியர் ழாக் பெரே என்பவர். 1955 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளையினர் தம் புதிய இயந்திரத்துக்குத் தக்க பெயரொன்று வேண்டினர். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'கொம்பியூற்றர்'. கணிப்பது என்பது பொருள். பெரே அச்சொல்லை அப்படியே பெயர்த்துக் கொடுக்கவில்லை. அவ்வாண்டு ஏப்பிரில் 16 ஆந் திகதியிட்ட கடிதத்தில் 'ஓர்தினாத்தேர்' என்ற பழஞ்சொல்லை எடுத்துக்காட்டினார். ஒழுங்குபடுத்துவோன் என்பது அதன் பொருள். உலகுக்கு ஒழுங்கை வகுத்த இறைவனுக்கு அடையாய் வழங்கிய சொல். இயந்திரம் எண்களைக் கூட்டுவதோடு நில்லாது தரவுகளை ஒழுங்குசெய்கின்றது என்பதை அவர் கண்டார், கண்டதற்குப் பெயரிட்டார். அச்சொல் இன்றும் பிரான்சில் ஒவ்வொரு வீட்டிலும் வழங்குகின்றது.

1962 இல் பிலிப் திரேஃபுஸ் என்பவர் 'தகவல்', 'தானியக்கம்' என்னும் இருசொற்களை ஒட்டி 'ஆன்ஃபோர்மாதிக்' என்ற சொல்லை ஆக்கினார். கணினிக் கலை முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. பின்னர் 'லோஜிசியெல்' என்ற சொல் எழுந்தது. 1981 டிசெம்பர் 22 ஆந் திகதிய அரச ஆணையிலே கணினிக் கலைச்சொற்கள் பல நிலைபெற்றன. நாம் 'மென்பொருள்' என்பதை அவர்கள் 'லோஜிசியெல்' என்கின்றனர். ஆங்கிலத்தார் மென்மை என்றனர். நாமும் மென்மை என்றோம். பிரெஞ்சுக்காரர் மென்மையை விட்டுவிட்டு, அதனுள்ளே இருப்பது தருக்கம் என்று கண்டு, தருக்கம் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பெயரைப் பிறப்பித்தனர்.

எல்லாம் இவ்வாறு வெற்றிபெறவில்லை. செய்நிரற் பிழையை ஆங்கிலத்தார் 'பக்', அதாவது பூச்சி, என்பர். அதற்கு ஈடாக அரசு ஏற்ற சொல் 'பொக்'. அது பிரெஞ்சிலே ஒருவகைக் கொட்டையின் முட்டோட்டைக் குறிப்பது. ஆங்கில ஒலியை ஒத்திருந்தமையாலேயே தெரிவாயிற்று. மக்கள் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லையே சொல்கின்றனர். 2013 இல் சமூகவலைத்தளங்களிற் சொல்லுக்கு முன் இடப்படும் குறிக்கு 'மோ தியேஸ்' என்று அரசிதழிற் பெயர் வெளியிட்டனர். அதுவும் வழக்கில் ஊன்றவில்லை. 1994 இல் மொழிச் சட்டமே இயற்றிய நாடு அது. சட்டம் சொல்லைக் காக்கலாம், உயிரூட்ட மாட்டாது. பொருளை நோக்கி இட்ட பெயர் வாழ்ந்தது. அயற்சொல்லை நோக்கி இட்ட பெயர் தளர்ந்தது. இந்த வேறுபாடே என் கட்டுரைக்கு அச்சாணி.

குறுகியது எது?

இனிச் சொற்களின் நீளத்தை எண்ணிப் பார்ப்போம். செய்நிரல்களில் மிகுதியாக வரும் ஆங்கில வினைகள் 'கெற்', 'செற்', 'றன்', 'லொக்' என்பன. பெறுதல், இடுதல், இயக்குதல், பதிதல் என்பன அவற்றின் பொருள். ஒவ்வொன்றும் மூன்று உரோம எழுத்து. இவற்றுக்கு அகராதி தரும் பிரெஞ்சுச் சொற்களோ 'ஒப்தெனிர்', 'தெஃபினிர்', 'எக்செக்யூத்தே', 'ஜூர்னலிசே'. முதலிரண்டும் எவ்வேழு எழுத்து, மூன்றாவது எட்டு, நான்காவது பதினொன்று. இவ்வளவையும் கண்டவர் "பார்த்தீரா, ஆங்கிலமே குறுகியது" என்று தீர்ப்புக் கூறிவிடுவர்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அமைப்பை ஆங்கிலத்தார் 'ஸ்ராக்' என்பர், ஐந்தெழுத்து. பிரெஞ்சில் 'பீல்', நான்கெழுத்து. முதலில் வந்ததை முதலில் அனுப்பும் வரிசை ஆங்கிலத்தில் 'கியூ', ஐந்தெழுத்து. பிரெஞ்சில் 'ஃபீல்', நான்கு. நினைவகக் குவியல் ஆங்கிலத்தில் 'ஹீப்', நான்கு. பிரெஞ்சில் 'தா', மூன்று. வரிசைப்படுத்தலை ஆங்கிலத்தார் 'சோர்ற்' என நான்கெழுத்தாற் சொல்ல, அவர்கள் 'திரி' என மூன்றெழுத்தாற் சொல்கின்றனர். ஒரே செய்நிரலுள் உடனொத்து ஓடும் இழையை ஆங்கிலத்தார் ஆறெழுத்தால் 'திரெட்' என்றனர். பிரெஞ்சுக்காரர் மூன்றெழுத்தால் 'ஃபில்' என்றனர். பெயர் என்னும் பொருட்டாகிய 'நேம்' நான்கெழுத்து, 'நோம்' மூன்று. பொய் என்பது ஆங்கிலத்தில் ஐந்து, பிரெஞ்சில் நான்கு.

ஒரே மொழி ஓரிடத்தில் நீள்வதும் ஓரிடத்திற் குறுகுவதும் ஏன்? அடுக்கு, வரிசை, குவியல், இழை என்பன பிரெஞ்சுக்காரன் தன் வீட்டிலும் தெருவிலும் காண்பவை. அவற்றுக்கு அவன் பாட்டனார் காலத்திலேயே கைபட்டுத் தேய்ந்த சிறுசொற்கள் இருந்தன. அவை தாமாக வந்து நின்றன. 'கெற்', 'செற்' என்பனவோ தமக்கென ஓர் உருவம் இல்லாத சொற்கள். அவற்றை அகராதி கொண்டு தூக்கிச் சென்றபொழுது, அகராதியின் கனமும் உடன் சென்றது.

மேலும் நுணுகி நோக்கின், அந்த ஆங்கிலக் குறுமைக்குக் கொடுத்த விலையும் தெரியும். 'கெற்' என்பது எதைச் சொல்கின்றது? நினைவகத்தில் உள்ளதை எடுப்பதும் 'கெற்'. கணக்கிட்டுச் சொல்வதும் 'கெற்'. தொலைவிலுள்ள வேறொரு கணினியிடம் கேட்டு வாங்குவதும் 'கெற்'. முதலாவது கண்ணிமைப்பொழுதிலும் குறைவான காலத்தில் முடிவது. மூன்றாவது வழியிலேயே தவறிப்போகக்கூடியது. படிப்பவனுக்கு இவ்வேறுபாடு உயிர்நிலை. பெயரோ அதனை மறைக்கின்றது. 'செற்' என்பது அதனினும் மோசம். ஒன்றில் மதிப்பை இடுதலும் 'செற்'. கணிதத்தார் கூறும் தொடையும் 'செற்'. பிரெஞ்சிலே இரண்டாவதற்கு 'ஆன்சாம்பிள்' என்று தனிச்சொல் உண்டு, மயக்கத்துக்கு இடமில்லை. அகராதியை மூடிவைத்துவிட்டுச் சிந்திக்கும் பிரெஞ்சு நிரலர், வேலைக்கேற்ப வாசித்தல், தேடுதல், கணித்தல் என்னும் பொருளுடைய 'லிர்', 'ஷெர்ஷே', 'கல்குலே' என்பனவற்றுள் ஒன்றைத் தெரிவார். சில எழுத்துக் கூடலாம். படிப்பவன் பெறும் செய்தி பன்மடங்கு கூடுகின்றது.

குறுக்கம் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலப் பெயர்களின் குறுமை முழுவதும் ஆங்கிலத்தின் இயல்பும் அன்று. 1957 இல் வெளிவந்த 'போர்ட்ரான்' என்னும் நிரல்மொழியில் ஒரு பெயர் ஆறெழுத்துக்கு மேற்படக் கூடாது. 1964 இல் எழுந்த 'பேசிக்' மொழியிலோ ஓரெழுத்து, அன்றேல் ஓரெழுத்தோடு ஓரெண்; அவ்வளவே. கருவி சிறிதாயிருந்தமையாற் பெயர் சிறுத்தது. 'யுனிக்ஸ்' என்னும் இயக்கமுறைமையை ஆக்கியோர் ஒருபடி மேலே சென்று, சொல்லையே நறுக்கினர். படைத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லில் ஈற்றெழுத்தை விட்டு எழுதினர். எம் இலக்கணத்தில் இது கடைக்குறை. நகர்த்துதல், படியெடுத்தல் என்பவற்றின் உயிரெழுத்துக்களைக் களைந்து இவ்விரண்டு மெய்யெழுத்தாக்கினர். இவற்றிலே குறை எது, விகாரம் எது என்று நன்னூல் வல்லாரும் திகைப்பர். செய்யுளில் யாப்பு நோக்கிக் குறைவிகாரத்துக்கு இடங்கொடுத்தார்கள் எம் முன்னோர். அங்கே தளை நெருக்கிற்று. இங்கே இயந்திரம் நெருக்கிற்று. அந்நெருக்கடி தீர்ந்து நெடுங்காலம் ஆயிற்று. இன்று பெயரின் முதலிரண்டு எழுத்தைத் தட்டினால் மீதியைக் கணினியே நிரப்பித் தருகின்றது. நெருக்கடி போனபின்பும் குறைவிகாரத்தை அழகென்று போற்றுவது, மழை விட்ட பின்பும் குடையை விரித்தபடி நடப்பதை ஒக்கும்.

ஆயினும் ஆங்கிலத்துக்கு இலக்கண வழியாலும் இரண்டு வசதிகள் உண்டு. நடுநிலை வழுவாது அவற்றையும் கூறவேண்டும். முதலாவது, அம்மொழியில் வினைப்பகுதியே ஏவலாகவும் பெயராகவும் நிற்கும். 'சோர்ற்' என்பது வரிசைப்படுத்து என்ற ஏவலும் ஆம். வரிசைப்படுத்தல் என்ற பெயரும் ஆம். பிரெஞ்சில் 'திரி' என்பது பெயர். 'திரியே' என்பது வினை. ஏவலுக்கு வேறு வடிவங்கள் உண்டு. எதனை இடுவது என்று நிரலர் தடுமாறுவர். இரண்டாவது, ஆங்கிலத்தில் இரு பெயர்களை உருபின்றித் தொகுக்கலாம். வரிகளின் எண்ணிக்கை என்பதற்கு 'லைன் கவுன்ற்' என்றாற் போதும். பிரெஞ்சிலோ 'நோம்பர் தெ லீன்' என்று இடையிலே உருபு விரிந்தே வரவேண்டும். ஆங்கிலம் தொகைநிலை, பிரெஞ்சு தொகாநிலை. நீளம் கூடுவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

குறியிழந்த எழுத்தும் குழம்பிய பொருளும்

பிரெஞ்சு நிரலருக்கு நேர்ந்த பெரிய இடர் நீளம் அன்று, எழுத்து. 1963 இல் அமெரிக்கர் வகுத்த குறிமுறையில் ஆங்கில எழுத்துக்களே இடம்பெற்றன. பிரெஞ்சு எழுத்துக்களின் தலையில் நிற்கும் சாய்கோட்டுக்கும் கூரைக்குறிக்கும் அங்கே இடமில்லை. ஆகவே நிரலர் அக்குறிகளைக் களைந்தே பெயரிட்டனர். விளைவு என்ன? கூரைக்குறி உள்ள 'தாஷ்' பணி. குறி நீங்கிய 'தாஷ்' கறை. நிரலில் இரண்டும் ஒன்றே. பக்கம், கடற்கரை, மதிப்பளவு, மதிப்பிடப்பட்டது என்னும் நான்கு பொருளுக்குரிய நான்கு சொற்கள், குறிகளைக் களைந்தவுடன் ஒரே நான்கெழுத்தாய்ச் சுருங்கிவிடுகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியைத் துடைத்துவிட்டுத் தமிழ் எழுதினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அவர்தம் இடர் எமக்கு விளங்கும். இன்றைய குறிமுறைகள் இக்குறையை நீக்கிவிட்டன. பழக்கம் மாத்திரம் இன்னும் பலரிடம் நிற்கின்றது.

இருமொழிகளைக் கலத்தலால் வரும் மயக்கம் இன்னும் சுவையானது. வரிசை என்பதற்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'கியூ' பிரெஞ்சுச் சொல்லே. வால் என்பது பொருள். ஆவணக் கோப்பு என்பதற்கு வழங்கும் 'பைல்' என்பதும் பிரெஞ்சிலிருந்து சென்றதே. இழை என்னும் 'ஃபில்' அதற்கு வேர். தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த வழக்கத்தால் அப்பெயர் வந்தது. இழையாகிய நூலே ஏட்டுக்கும் பெயரான தமிழருக்கு இது வியப்பன்று. இப்பொழுது கணினியிலே நடப்பதைப் பாருங்கள். ஆங்கிலத்தார் 'பைல்' என்று எழுதும் அதே நான்கெழுத்தைப் பிரெஞ்சுக்காரர் 'ஃபீல்' என்று வாசித்து வரிசை என்று பொருள் கொள்வர். கோப்புக்கு அவர்கள் சொல் 'ஃபிஷியே'. ஒரு செய்நிரலில் ஓரிடம் ஆங்கிலமும் ஓரிடம் பிரெஞ்சுமாகப் பெயரிட்டிருந்தால், அந்நான்கெழுத்தைக் காண்பவர் கோப்பு என்று கொள்வதா, வரிசை என்று கொள்வதா? நூலகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கண்டு 'லிப்ரெரி' என்று பெயர்ப்பாரும் உளர். பிரெஞ்சில் அது புத்தகக் கடை.

இத்தகைய கலவை அங்கே அருகிய வழக்கன்று. 'ஜாவா' மொழியில் ஒரு பண்பை வாசிக்கும் பகுதிக்கு 'கெற்' என்றும், மாற்றும் பகுதிக்கு 'செற்' என்றும் தொடங்கும் பெயர் இடுவது மரபு. சில கருவிகள் அம்மரபை எதிர்பார்க்கவும் செய்கின்றன. ஆகவே 'கெற்நோம்' என்று எழுதுவர். தலை ஆங்கிலம், உடல் பிரெஞ்சு. எம் நாட்டிலே மணிப்பிரவாளம் கண்டவர்களுக்கு இதன் வரலாறு சொல்லவேண்டுவதில்லை.

எது எம்மொழியில் நிற்கவேண்டும்?

"அப்படியாயின் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டாற் குழப்பம் தீருமே" என்பர் எதிர்வாதிகள். அவர் வாதம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. பிரெஞ்சுக்காரராகிய ழான் இஷ்பியாவின் குழுவினர் வகுத்து 1979 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தெரிந்தெடுத்த 'ஆடா' மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். 'இன்ரியா' என்னும் பிரெஞ்சு அரச ஆராய்ச்சி நிறுவனத்திலே பிறந்த 'ஓகாமல்' மொழியின் கட்டளைச் சொற்களும் ஆங்கிலமே. உலகம் முழுவதும் படிக்கவேண்டியதை உலகம் படிக்கும் மொழியில் எழுதினர். அதே நிறுவனத்தில் வளர்ந்து 1989 இல் வெளிவந்த 'கொக்' என்னும் நிறுவற்கருவியின் பெயர் பிரெஞ்சில் சேவல். குறுகிய, அழகிய பெயர். ஆங்கிலச் செவிக்கோ அஃது அவையல்கிளவியாய் ஒலித்தது. நாளடைவில் அவர்கள் இடக்கரடக்க நேர்ந்தது. 2025 இல் அக்கருவி 'ரொக்' என்னும் புதுப்பெயரோடு வெளிவந்தது. அவைக்கேற்பச் சொல்லவேண்டும் என்பது கணினிக்கும் விதிதான்.

ஆயினும் நாணயத்துக்கு மறுபுறம் உண்டு. பிரான்சின் வருமானவரியைக் கணக்கிடும் செய்நிரலை அந்நாட்டு வரித் திணைக்களம் 2016 இல் யாவரும் காண வெளியிட்டது. 'எம்' என்னும் அதன் மொழியில் 'ஆனால்', 'ஆயின்' என்னும் பொருட்டாகிய கட்டளைச் சொற்களும் பிரெஞ்சு. வரிச்சட்டம் பிரெஞ்சிலே உள்ளது. சட்டத்தில் உள்ள குடும்பம், சார்ந்தோர், வரிக்குரிய வருமானம் என்பவற்றுக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கின்றது. அவற்றை ஆங்கிலமாக்கினால் அவ்வெல்லை அழியும். ஆங்கில நாட்டுச் சட்டத்தின் எல்லை வந்து புகும். ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பத்தின் வரி பிறழலாம். இதனை உணர்ந்தே இன்ரியாவைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், சட்டத்தைச் செய்நிரலாக்குதற்கென்று 'கத்தாலா' என்னும் மொழியை வகுத்தனர். பியேர் கத்தாலா என்ற சட்டப் பேராசிரியரின் நினைவாக இட்ட பெயர் அது. அம்மொழியின் கட்டளைச் சொற்களைப் பிரெஞ்சிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். சட்டவாசகமும் செய்நிரலும் அருகருகே நிற்கும். சட்ட அறிஞரும் நிரலரும் ஒரே ஏட்டைப் பார்த்து "இது பிழை, இது சரி" என்று வாதிடலாம். இங்கே பெயர் எத்தனை எழுத்து என்று எவரும் எண்ணுவதில்லை. பெயர் சட்டத்தின் சொல்லா என்பதே வினா.

இவ்விரு புறத்தையும் சேர்த்து நோக்கின் ஒரு வரையறை கிடைக்கின்றது. நிரல்மொழியின் கட்டளைச் சொற்கள் சில பத்துக்கு மேற்படா. அவற்றை எம்மொழியிலும் ஓரிரு வாரத்திற் கற்கலாம். வேண்டுமாயின் கணினியே அவற்றை மாற்றித் தரும். 'எக்செல்' அட்டவணையில் பாரிசில் 'சோம்' என்று எழுதிய கூட்டற் கட்டளை, அதே ஏட்டை இலண்டனில் திறந்தால் 'சம்' என்று தோன்றுகின்றது. 1970 ஆம் ஆண்டுகளிற் பிரான்சின் ஐம்பத்தெட்டு உயர்பாடசாலைகளில் நடந்த பரிசோதனையிலே 'எல்.எஸ்.இ.' என்னும் மொழியைக் கற்பித்தனர். அதன் கட்டளைச் சொற்கள் யாவும் பிரெஞ்சு. பிற்காலத்தில் அம்மொழி வழக்கொழிந்தது. கற்றவர்கள் வேறு நிரல்மொழிகளைக் கையாண்டனர். எனவே கட்டளைச் சொல்லைப் பற்றிப் பெரிதாகச் சண்டையிட வேண்டியதில்லை. நிரலர் தாமே இடும் பெயர்களோ எண்ணிறந்தன. அவற்றை எந்த இயந்திரமும் மாற்றித் தரும் என்று நம்பியிருக்க முடியாது. அப்பெயர் குறிக்கும் பொருள் எவருடையதோ, அவருடைய மொழியில் அது நிற்றல் முறை.

எம் மாணாக்கருக்கு

இங்கே தமிழைப் பேசாது விடுதல் கூடாது. ஏனெனில் இந்நாட்டிற் க.பொ.த. உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பத்தைத் தமிழிற் கற்கும் மாணாக்கர், 'பைதன்' மொழியிற் செய்நிரல் எழுதுகின்றனர். 2008 இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழெழுத்தாலேயே பெயரிடலாம். கட்டளைச் சொற்களையும் தமிழாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியும் உண்டு. கதவு திறந்திருக்கின்றது. "தமிழ் நீளும்" என்ற அச்சத்தால் எம் பிள்ளைகள் உள்ளே நுழையாது நிற்கின்றனர்.

அவ்வச்சம் ஆதாரமற்றது. பிரெஞ்சை இடர்ப்படுத்திய இலக்கணத் தடைகள் இரண்டும் தமிழில் இல்லை. எம் வினைப்பகுதியே ஏவலொருமை. நன்னூலார் பகுதிகளுக்கு வாய்பாடு கூறும்பொழுது ஏவலுருவிலேயே கூறினார். பெறு, இடு, எடு, தேடு, பதி என்பன இரண்டிரண்டு எழுத்து. மூன்றெழுத்து ஆங்கிலத்துக்கு எவ்வாற்றானும் பின்னிடா. முதனிலைத் தொழிற்பெயரும் எமக்கு உண்டு. 'அடுக்கு' என்பது ஏவலும் ஆம், பெயரும் ஆம். உருபு தொக்கு நிற்றலோ எமக்குக் கைவந்த கலை. ஆங்கிலத்தார் 'லைன் கவுன்ற்' என்பதை நாம் 'வரித்தொகை' என்போம். வினைத்தொகை என்னும் செல்வம் அவர்க்கும் இல்லை. தேடிய சொல், தேடுகின்ற சொல், தேடும் சொல் மூன்றும் 'தேடுசொல்' என்ற ஒன்றுள் அடங்கும். காலங்கடந்து நிற்கவேண்டிய செய்நிரற் பெயருக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேறு யாது?

ஆனால் பிரெஞ்சுக்காரர் கண்ட வழுக்கல்நிலம் எமக்கும் உண்டு. ஆங்கிலத்தில் செய்நிரல் 'ஓடும்' என்பதற்காக நாமும் 'ஓடு' என்று பெயரிடலாகாது. தமிழில் அஃது இயங்கும். 'கெற்' என்ற இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'பெறு' என்று இடலாகாது. எடுப்பதா, கணிப்பதா, கேட்பதா என்று நோக்கி இடவேண்டும். ஆங்கிலத்தார் எழுத்துத் தொடரை நூற்சரடு என்றனர். பிரெஞ்சுக்காரர் சங்கிலி என்றனர். நாம் சரம் என்றோம். பூத்தொடுப்பவர் கையில் உள்ள சொல் அது, ஆகவே நிலைத்தது. எழுத்திலும் விழிப்பு வேண்டும். 'ஔ' என்ற ஓரெழுத்தும், ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நின்ற 'ஒள' என்பதும் எம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. 'கௌ' என்பதும் அவ்வாறே. எழுத்திலக்கணம் அறியாத பிள்ளை இப்பிழையைக் காண்பதற்கு ஒரு பகலைச் செலவிடும். அறிந்த பிள்ளை ஒரு நொடியிற் காணும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. செய்நிரல் பயிலும் வகுப்பிலே மாணாக்கன் தான் நன்கறிந்த பொருள்களுக்குத் தமிழிற் பெயரிட இடங்கொடுங்கள். கடைக்கணக்கு, வயல்வரவு, பாடசாலை இடாப்பு என்பவற்றைப் பற்றிச் செய்நிரல் எழுதும்பொழுது, அவன் வீட்டார் வழங்கும் சொற்களே அதிலே நிற்கட்டும். உலகோர் படிக்கவேண்டிய செய்நிரலை நாளை அவன் எழுதும்பொழுது, ஆங்கிலத்தை முழுமையாகவும் செம்மையாகவும் எழுதட்டும். ஒரு பெயருக்குள் இருமொழியைக் கலக்க விடாதீர்கள். ஒவ்வொரு செய்நிரலுக்கும் முன்னால், அதிற் பயிலும் பெயர்களையும் அவற்றின் பொருளையும் ஒரு சிறு அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். பொருள் எழுத முடியாத பெயரை நீக்கச் சொல்லுங்கள். கணினி ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடியிருந்து அவ்வட்டவணையைத் திருத்தினால், இரு பாடமும் ஒருங்கே வளரும்.

ஓர் இயந்திரத்துக்குப் பெயர் வேண்டியபொழுது பிரான்சிலே ஓர் இலத்தீன் ஆசிரியரின் வாயிலைத் தட்டினார்கள். அவர் அகராதியைப் பார்த்துப் பெயர்க்கவில்லை. இயந்திரத்தைப் பார்த்துப் பெயரிட்டார். எம் வாயிலை எவரேனும் தட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வகுப்பறையிலேயே எம் பிள்ளைகள் விசைப்பலகையின்முன் பெயரின்றி அமர்ந்திருக்கின்றனர். அங்கே நாமே செல்வோம்.